சிறு பலகைக் கோ ஆட்டத்தில் கோமியை முடிவு செய்வது எப்படி

இருவர் கருப்பு, வெள்ளைக் காய்களைப் பலகையின் புள்ளிகளில் மாறி மாறி வைத்து இடம் பிடிக்கும் கோ ஆட்டத்தில் கருப்புக் காய்களை வைத்திருப்பவரே முதலில் ஆடுகிறார். வெற்றுப் பலகையில் முதல் காயை விரும்பிய இடத்தில் வைக்கும் உரிமை சிறிய சலுகை அன்று என்பதால், ஆட்டம் முடிந்து எண்ணும்போது வெள்ளைக்குச் சில புள்ளிகள் ஈடாகச் சேர்க்கப்படுகின்றன. இந்த ஈட்டுக்குக் கோமி என்று பெயர். வழக்கமான பெரிய பலகையான 19×19 பலகையில் இன்று வழங்கும் கோமி 6.5 அல்லது 7.5 ஆகும். சிறு பலகையில் ஆடுவோர் பலர் இந்த எண்ணையே யோசிக்காமல் எடுத்துக்கொள்கிறார்கள். 9×9 பலகையில் அது ஏறத்தாழப் பொருந்திவிடுவது தற்செயலே. 7×7 பலகையில் அது பொருந்தாது. 5×5 பலகையில் அதற்குப் பொருளே இல்லை.

கோமியை முடிவு செய்ய உட்காருபவர் முதலில் எண்ணைத் தேடக் கூடாது என்பது என் கருத்து. எந்தப் பலகை, எந்த எண்ணும் முறை, எத்தகைய ஆட்டக்காரர்கள் என்ற மூன்றையும் இதே வரிசையில் தெளிவுபடுத்திக்கொண்டால், எஞ்சுவது இரண்டு அல்லது மூன்று எண்களுக்கு இடையிலான தேர்வு மட்டுமே. அரைப்புள்ளி குறித்து நடக்கும் சச்சரவுகளில் பெரும்பாலானவை, அந்த அரைப்புள்ளி எந்த ஆட்டத்தின் முடிவையும் மாற்றாது என்பதைக் கவனிக்காததால் எழுபவை.

பெரிய பலகையிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது

கோமி என்பது கோட்பாட்டிலிருந்து பிறந்த எண் அன்று. ஆட்ட முடிவுகளைப் பார்த்துப் படிப்படியாகத் திருத்தப்பட்ட எண். ஜப்பானியத் தொழில்முறைப் போட்டிகளில் நெடுங்காலம் கோமியே இல்லை. இருபதாம் நூற்றாண்டில் அது நிலைபெற்ற பிறகு 4.5, 5.5 என உயர்ந்து, கருப்பே தொடர்ந்து அதிகமாக வென்றுவந்ததால், 2002இல் 6.5 ஆக்க முடிவெடுக்கப்பட்டது. சீனாவில் 2000களின் தொடக்கத்தில் 5.5 என்பது நேராக 7.5 ஆனது. நியூசிலாந்து விதிகள் 7 என்ற முழு எண்ணை வைத்துச் சமநிலையை ஏற்றுக்கொள்கின்றன. இந்த எண்கள் வேறுபடுவதற்கு முதல் நகர்வின் மதிப்பு குறித்த கருத்து வேற்றுமை மட்டும் காரணமன்று. எண்ணும் முறையும் ஒரு காரணம். சீனக் கணக்கில் 5.5க்கும் 7.5க்கும் இடையில் 6.5க்கு ஏறக்குறைய வேலையே இல்லை என்பது கீழே விளங்கும்.

பலகை எதைத் தீர்மானிக்கிறது

நியாயமான கோமிக்கு இரண்டு பொருள் உண்டு. இரு தரப்பும் பிழையே இல்லாமல் ஆடினால் கருப்பு எத்தனை புள்ளியில் முந்துமோ அந்த எண் ஒன்று. சமத் திறனுள்ள இரண்டு மனிதர்கள் பல ஆட்டங்கள் ஆடும்போது இருவரும் பாதிப்பாதி வெல்லும்படி செய்கிற எண் மற்றொன்று. 19×19 பலகையில் முதல் எண்ணை எவராலும் நிறுவ முடியாது. சிறு பலகையின் சுவையே அங்கே அந்த எண்ணை நெருங்க முடிகிறது என்பதுதான்.

3×3 பலகையில் நடுப்புள்ளியில் காய் வைக்கும் கருப்பு 9 புள்ளிகளையும் எடுத்துக்கொள்கிறது. 5×5 பலகையை எரிக் வான் டெர் வெர்ஃப் 2002இல் கணினியைக் கொண்டு முழுமையாகத் தீர்த்தார். நடுப்புள்ளியில் தொடங்கும் கருப்பு சரியாக ஆடினால் வெள்ளையால் எங்கும் உயிருள்ள, அதாவது எதிராளியால் பிடிக்க முடியாத, குழுவை அமைக்க முடியாது, ஆகவே 25 புள்ளிகளும் கருப்புக்கே. 6×6 பலகையில் இந்த முன்னிலை திடீரென்று சுருங்கி 4 ஆகிறது என்று கருதப்படுகிறது. 7×7 பலகையில் அது 9. இந்த 9 என்ற முடிவுக்கு மனித ஆய்வாளர்கள் 1990களிலேயே வந்திருந்தனர். சீனத் தொழில்முறை ஆட்டக்காரர் லி ஜெ 2015இல் 7×7 பலகைக்கான மிகச் சிறந்த ஆட்ட வரிசைகளை விரிவாக வெளியிட்டபோதும் அதே எண்தான் நின்றது. 9×9 பலகையில் முழுத் தீர்வு கிடையாது. ஆயினும் கேட்டாகோ போன்ற, கோ ஆடும் வலிமையான கணினி நிரல்களின் ஆய்வு, பரப்பை எண்ணும் முறையில் 7 என்ற எண்ணையே சுட்டுகிறது.

25, 4, 9, 7 என்ற இந்த வரிசையில் ஒழுங்கைத் தேடுவது வீண். பலகை மிகச் சிறியதாக இருக்கும்போது கேள்வி எத்தனை புள்ளி என்பதன்று, வெள்ளை உயிர்வாழ முடியுமா என்பதே. 5×5 பலகையில் முடியாது, 6×6 பலகையில் முடியும். 6×6 பலகைக்கு நடுப்புள்ளி என்று ஒன்று இல்லாததும் கருப்பின் பிடியைத் தளர்த்துகிறது. ஆகவே ஒரு பலகையின் கோமியை அறிந்துகொண்டு, அளவு குறையக் குறைய அதையும் விகிதப்படி குறைப்பது தவறான வழி. 9×9 பலகையின் பரப்பு 19×19 பலகையின் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. முதல் நகர்வின் ஈடோ இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவுதான்.

5×5 பலகையில் கோமியை வைத்துப் போட்டி நடத்த வேண்டாம் என்றே சொல்வேன். 24.5 என்று வைத்தால் கருப்பு பலகை முழுவதையும் பிடித்தாக வேண்டும். வெள்ளை ஒரே ஒரு குழுவைக் காப்பாற்றிவிட்டால் போதும். அது நல்ல பயிற்சிப் புதிராக இருக்கலாம், புள்ளிகளுக்கான ஆட்டமாக இராது. அந்த அளவில் ஆடியே தீர வேண்டுமானால், ஒருவர் முதல் கருப்புக் காயை ஏதேனும் ஒரு புள்ளியில் வைக்க, மற்றவர் எந்த நிறத்தை ஏற்பது என்று தேர்ந்தெடுக்கட்டும். நடுவில் வைத்தால் எதிராளி கருப்பையே எடுத்துக்கொள்வார் என்று தெரிந்திருப்பதால், வைப்பவர் சமநிலையான இடத்தைத் தேடியாக வேண்டும்.

எண்ணும் முறையும் ஒற்றை இரட்டைக் கணக்கும்

சிறு பலகையில் கோமி பற்றிய குழப்பங்களுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பதால், இதற்கு மட்டும் பொறுமையாக நேரம் ஒதுக்க வேண்டும்.

எண்ணும் முறைகள் இரண்டு. சீன விதிகள் பின்பற்றும் பரப்பு முறையில், பலகையில் உயிரோடு நிற்கும் தன் காய்களையும் அவை சூழ்ந்துள்ள வெற்றுப் புள்ளிகளையும் சேர்த்து எண்ணுகிறோம். ஜப்பானிய விதிகள் பின்பற்றும் நில முறையில், சூழ்ந்துள்ள வெற்றுப் புள்ளிகளையும் பிடித்த எதிராளிக் காய்களையும் மட்டும் எண்ணுகிறோம்.

பரப்பு முறையில் 9×9 பலகையின் 81 புள்ளிகளும் யாராவது ஒருவருக்குச் சேர்ந்தாக வேண்டும். 81 ஒற்றைப்படை எண் என்பதால் இருவரின் வேறுபாடும் எப்போதும் ஒற்றைப்படையாகவே வரும். கருப்புக்கு 43 என்றால் வெள்ளைக்கு 38, வேறுபாடு 5. கருப்புக்கு 44 என்றால் வெள்ளைக்கு 37, வேறுபாடு 7. கருப்புக்கு 45 என்றால் வெள்ளைக்கு 36, வேறுபாடு 9. வேறுபாடு 6 என்பது இயல்பான ஆட்டத்தில் வரவே வராது. ஆகவே கோமி 5.5 என்றாலும் 6 என்றாலும் 6.5 என்றாலும் கருப்பு வெல்ல வேண்டியது 44 புள்ளிகள்தான். இம்மூன்று எண்களில் எது சரி என்று வாதிடுபவர்கள் உண்மையில் ஒரே விதியைத்தான் மூன்று பெயர்களில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதேபோல் 7.5, 8, 8.5 ஆகிய மூன்றும் கருப்பிடம் 45 புள்ளிகளைக் கேட்கின்றன. 19×19 பலகையின் 361 புள்ளிகளும் ஒற்றைப்படையே. அங்கே பரப்பு முறையில் 5.5, 6.5 இரண்டுக்கும் கருப்பு 184 எடுக்க வேண்டும், 7.5க்கு 185 எடுக்க வேண்டும். சீனக் கோமி ஒரே தாவலில் இரண்டு புள்ளிகள் உயர்ந்ததை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால், இடையில் நிற்பதற்குப் படி எதுவும் இல்லை என்பது புரியும்.

இதிலிருந்து 9×9 பலகைக்கான தேர்வு மூன்றாகச் சுருங்குகிறது. கோமி 6.5 என்றால் 44 எடுத்த கருப்பு வெல்கிறது, 7 என்றால் 44 சமநிலை, 7.5 என்றால் 44 எடுத்த கருப்பு தோற்கிறது. பிழையற்ற ஆட்டத்தின் முடிவு 7 என்று நம்பினால், 6.5 கருப்புக்கும் 7.5 வெள்ளைக்கும் சாதகம். சமநிலையை ஏற்கும் எவருக்கும் 7 என்பதே என் பரிந்துரை. சமநிலை கூடவே கூடாது என்றால், யாருக்குச் சாதகம் தருகிறோம் என்பதை உணர்ந்தே 6.5 அல்லது 7.5 என்று முடிவு செய்ய வேண்டும்; இரண்டும் நடுநிலையானவை என்று பாவனை செய்யக் கூடாது. இங் விதிகள் எனப்படும் மற்றொரு விதித் தொகுப்பில் 19×19 பலகைக்கு 8 புள்ளிக் கோமி தந்துவிட்டுச் சமநிலை வந்தால் கருப்பே வென்றதாகக் கொள்வார்கள். பார்வைக்கு அது வேறாகத் தெரிந்தாலும் விளைவு 7.5தான்.

7×7 பலகையின் 49 புள்ளிகளுக்கும் இதே கணக்குப் பொருந்தும். கோமி 8.5 என்றால் கருப்புக்கு 29 போதும், 9 என்றால் 29 சமநிலை, 9.5 என்றால் 30 வேண்டும். 6×6, 8×8 பலகைகளில் மொத்தப் புள்ளிகள் இரட்டைப்படை என்பதால் வேறுபாடும் இரட்டைப்படையாக வரும். அங்கே சமநிலையைத் தவிர்க்க அரைப்புள்ளியே தேவையில்லை. ஒற்றைப்படை முழு எண் போதும். 6×6 பலகையில் கோமி 3 என்றால் 20 எடுத்த கருப்பு வெல்கிறது, 5 என்றால் 21 வேண்டும், 4 என்றால் 20க்கு 16 என்ற முடிவு சமநிலை.

இந்த ஒழுங்குக்கு ஒரே விலக்கு செகி எனப்படும் நிலை. இருவரின் குழுக்களும் ஒன்றையொன்று பிடிக்க முடியாமல் அருகருகே உயிரோடு நிற்கும்போது, இடையிலுள்ள சில புள்ளிகள் எவருக்கும் சேர்வதில்லை. அப்படி எஞ்சும் புள்ளிகள் இரண்டு என்றால் ஒற்றை இரட்டை மாறாது. ஒன்று அல்லது மூன்று என்றால் மாறிவிடும். அப்போதுதான் 5.5க்கும் 6.5க்கும் வேறுபாடு உண்டாகும். அரிதாக வரும் இதற்காகக் கோமியை வேறு விதமாக அமைக்க வேண்டியதில்லை. ஆனால் விதி எழுதும்போது இந்த நிலையையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

நில முறையில் இந்தப் படிகள் நெருக்கமாகின்றன. எவரும் சூழாமல் இடையில் எஞ்சும் பொதுப் புள்ளிகளையெல்லாம் நிரப்பி முடித்த ஆட்டத்தில் கடைசிக் காயைக் கருப்பு வைத்திருந்தால், கருப்பு வெள்ளையைவிட ஒரு காய் கூடுதலாக வைத்திருக்கும். பரப்பு முறை அந்தக் காயை எண்ணுகிறது, நில முறை எண்ணுவதில்லை. ஆகவே பரப்பு முறையில் 7 என்ற வேறுபாடு நில முறையில் 6 ஆகிறது. கடைசிக் காயை வெள்ளை வைத்திருந்தால் இருவரும் சம எண்ணிக்கையில் ஆடியிருப்பார்கள். இரண்டு முறையிலும் வேறுபாடு 7தான். ஆக, நில முறையில் 5.5, 6.5, 7.5 மூன்றும் தனித்தனி விதிகள். அந்த முறையில் ஆடுபவர்கள் 9×9 பலகைக்குப் பரப்பு முறையின் 7 என்ற எண்ணை அப்படியே கொண்டுவரக் கூடாது. 6 அல்லது 6.5 என்று தொடங்கித் தம் முடிவுகளைப் பார்த்துத் திருத்துவது நல்லது.

பரப்பு முறையின் எளிமையும் வேண்டும், நில முறையின் நுண்மையும் வேண்டும் என்பவர்களுக்குப் பொத்தான் முறை என்று ஒன்று இருக்கிறது. பலகைக்கு வெளியே ஒரு பொத்தானை வைத்துவிட வேண்டும். ஆடுவதற்குப் பயனுள்ள இடம் இல்லாமல் முதலில் நகர்வைக் கைவிடுபவர், கைவிடுவதற்குப் பதிலாக அந்தப் பொத்தானை எடுத்துக்கொள்கிறார், அதற்கு அரைப்புள்ளி. கடைசிப் பொதுப் புள்ளியைக் கருப்பு நிரப்பினால் பொத்தான் வெள்ளைக்குப் போகும், 7 என்ற வேறுபாடு 6.5 ஆகும், வெள்ளை நிரப்பினால் பொத்தான் கருப்புக்குப் போகும், அதே 7 இப்போது 7.5 ஆகும். இந்த ஏற்பாட்டில் கோமியை 7 என்று முழு எண்ணாகவே வைத்தாலும், செகி குறுக்கிடாதவரை சமநிலை வராது. இவ்வளவு சிறப்பிருந்தும் இது பரவலாகவில்லை. புதியவர்களுக்கு விளக்குவதற்குள் ஒரு 9×9 ஆட்டமே முடிந்துவிடும்.

உங்கள் ஆட்டங்களைக் கொண்டே கோமியைக் கணிப்பது

நிரல்கள் சொல்லும் எண் பிழையற்ற ஆட்டத்துக்கு உரியது. ஒரு குழுவாகத் தொடர்ந்து ஆடுபவர்கள் தங்கள் திறனுக்கேற்ற எண்ணைத் தங்கள் பதிவுகளிலிருந்தே பெறலாம். அதற்கு யார் வென்றார் என்று மட்டும் குறித்தால் போதாது. பலகையின் அளவு, எண்ணும் முறை, அன்று இருந்த கோமி, கோமியைச் சேர்ப்பதற்கு முன் கருப்பின் முன்னிலை எவ்வளவு என்ற நான்கையும் குறிக்க வேண்டும். ஒவ்வொரு இணையும் நிறங்களை மாற்றி மாற்றிச் சம எண்ணிக்கையில் ஆட வேண்டும். இல்லையெனில் திறன் மிக்கவர் எடுத்த நிறத்தின் வெற்றியை முதல் நகர்வின் வெற்றி என்று தவறாகக் கணக்கிடுவோம். பாதியில் தோல்வியை ஒப்புக்கொண்ட ஆட்டங்களை விட்டுவிடாமல், பெரிய வேறுபாட்டில் முடிந்தவையாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த வேறுபாடுகளின் சராசரியை எடுப்பது இயல்பாகத் தோன்றும் வழி. சிறு பலகையில் அதுவே தவறான வழி. சமத் திறனுள்ள இருவர் பரப்பு முறையில் ஆடிய பதினொரு 9×9 ஆட்டங்களில் கருப்பின் முன்னிலை, சிறியதிலிருந்து பெரியதாக, −13, −3, 1, 3, 5, 7, 7, 9, 11, 23, 81 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடைசி ஆட்டத்தில் வெள்ளையின் குழுக்கள் அனைத்தும் இறந்துவிட்டன. கூட்டுத்தொகை 131, சராசரி ஏறத்தாழ 11.9. அதை நம்பிக் கோமியை 11.5 என்று வைத்தால், இதே பதினொன்றில் கருப்பு இரண்டை மட்டுமே வென்றிருக்கும். வரிசையின் நடுவில், ஆறாவதாக நிற்கும் எண்ணோ 7. கோமி 7 என்றால் கருப்புக்கு 4 வெற்றி, வெள்ளைக்கு 5, சமநிலை 2. ஒரே ஒரு படுதோல்வி சராசரியைப் பல புள்ளிகள் நகர்த்திவிட்டது. நடு எண்ணை அது தொடவே இல்லை. குழுக்கள் ஒட்டுமொத்தமாக இறப்பது 9×9 பலகையில் அன்றாட நிகழ்ச்சி என்பதால், இங்கே நடு எண்ணே நம்பத்தக்கது. கோமியின் வேலை வெற்றிகளைப் பாதியாகப் பிரிப்பது. புள்ளிகளின் கூட்டுத்தொகையைச் சமன்செய்வது அன்று.

கணக்கிட்டதும் முடிவை உடனே கல்வெட்டாக்கிவிடக் கூடாது. நூறு ஆட்டங்களில் கருப்பு 55 வென்றிருந்தால் அது கோமி குறைவு என்பதற்குச் சான்றாகாது. முழுக்க நியாயமான கோமியிலும் நூறு ஆட்டங்களில் ஐந்து வெற்றிகள் இப்படியோ அப்படியோ விலகுவது இயல்பு. 60ஐத் தாண்டினால் ஐயப்படலாம். மேலும், ஆட்டக்காரர்கள் கோமியை மனத்தில் வைத்தே ஆடுகிறார்கள். கோமி 7 இருக்கும்போது 5 புள்ளி மட்டும் முந்தியிருக்கும் கருப்பு, தோற்கப்போவது தெரிந்து துணிந்து ஊடுருவும். கோமியே இல்லாத ஆட்டத்தில் அதே கருப்பு பத்திரமாக ஆடி முடித்துவிடும். பழைய கோமியில் திரட்டிய பதிவுகள் புதிய கோமிக்கு முழுமையாகப் பொருந்தாமல் போவது இதனால்தான். ஆகையால் ஒரு படி மட்டும் மாற்றி, மீண்டும் பதிவு செய்து பார்க்க வேண்டும். பரப்பு முறையில் ஒரு படி என்பது இரண்டு புள்ளிகள்.

எண்ணை ஆட்டக்காரர்களிடமே விட்டுவிடுவது

பதிவுகள் இல்லாதபோதும், வழக்கமில்லாத பலகை அளவுகளிலும், இருவரும் சேர்ந்து கோமியை முடிவு செய்யும் முறைகள் சிறந்தவை. எளிய முறை, ஒருவர் பங்கு பிரிக்க மற்றவர் விருப்பமான பங்கை எடுத்துக்கொள்வதை ஒத்தது. குலுக்கலில் தேர்வானவர் ஒரு கோமியைச் சொல்கிறார். எதிராளி அந்தக் கோமியில் கருப்பு வேண்டுமா வெள்ளை வேண்டுமா என்று தேர்ந்தெடுக்கிறார். கோமியைக் குறைத்துச் சொன்னால் எதிராளி கருப்பை எடுப்பார், கூட்டிச் சொன்னால் வெள்ளையை எடுப்பார். ஆகவே சொல்பவருக்கு நேர்மையாகச் சொல்வதே இலாபம். குறை ஒன்று உண்டு: தேர்ந்தெடுப்பவருக்கு எப்போதும் சற்று நன்மை. இருவரும் மாறி மாறிச் சொன்னால் அதுவும் தீர்ந்துவிடும்.

இன்னும் துல்லியமான முறை மூடிய ஏலம். கருப்பாக ஆட எத்தனை புள்ளி தரத் தயார் என்பதை இருவரும் தனித்தனியே தாளில் எழுதி ஒரே நேரத்தில் காட்டுகிறார்கள். அதிகம் எழுதியவர் கருப்பு. இரண்டு எண்களின் சராசரி கோமி. ஒருவர் 6.5 என்றும் மற்றவர் 8.5 என்றும் எழுதினால், இரண்டாமவர் 7.5 புள்ளி தந்து கருப்பாக ஆடுவார். தரத் தயாராக இருந்ததைவிடக் குறைவாகவே அவர் தருகிறார். போதும் என்று நினைத்ததைவிட அதிகமாகவே வெள்ளை பெறுகிறது. இருவருக்கும் மனநிறைவு தரும் முறை இதைப்போல் வேறில்லை. எண்கள் சமமானால் நிறத்தைக் குலுக்கலில் முடிவு செய்துகொள்ளலாம்.

ஆட்டத்தைக் கற்கத் தொடங்கியவர்களுக்கு இவை எதுவும் தேவையில்லை. ஒரே நகர்வில் முப்பது புள்ளியை இழப்பவர்களுக்கிடையே ஏழு புள்ளி எதையும் சமன்செய்யாது. அவர்கள் கோமியே இல்லாமல் நிறம் மாற்றி இரண்டு ஆட்டங்கள் ஆடட்டும். ஒருவருக்கு ஒன்று என்று வந்தால் வேறுபாடு பெரியதாக உள்ள வெற்றிக்கு முதலிடம் தரலாம். எண்ணி முடிக்கும் ஆட்டங்கள் ஒற்றை இலக்க வேறுபாட்டில் முடியத் தொடங்கும்போது கோமியை அறிமுகப்படுத்தினால் போதும்.

திறன் வேறுபாட்டைத் தனியாக வைத்திருங்கள்

முதலில் ஆடுவதற்கான ஈடும், திறன் குறைந்தவருக்குத் தரும் சலுகையும் ஒரே எண்ணில் கலந்துவிடும்போது இரண்டுமே கெடுகின்றன. கோமி இதுவென்று முதலில் நிலைநிறுத்திவிட்டு, சலுகையை அதற்கு மேல் கூட்டல் கழித்தலாகக் குறிக்க வேண்டும். சிறு பலகையில் கூடுதல் காய்களைச் சலுகையாக வைப்பது மிகவும் முரட்டுத்தனமான அளவுகோல். கருப்பு தன் முதல் நகர்வைக் கைவிட்டால் வெள்ளை முதலில் ஆடுபவர் ஆகிவிடுகிறார். 7 புள்ளி முன்னிலை 7 புள்ளிப் பின்னடைவாக மாறுகிறது. எனவே 9×9 பலகையில் தொடக்கத்தில் ஒரு நகர்வின் மதிப்பு ஏறத்தாழ 14 புள்ளி. கோமியை அடியோடு நீக்குவது அரை நகர்வுச் சலுகை. முழுக் காய் ஒன்றைத் தருவதற்கு முன், கோமியைப் படிப்படியாகக் குறைத்து, தேவைப்பட்டால் வெள்ளையே கருப்புக்குப் புள்ளி தரும் நிலைவரை செல்ல எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை இது காட்டுகிறது.

தொடர்ந்து ஆடும் இருவருக்கு நகரும் கோமி மிகவும் உதவும். ஒருவர் அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்கள் வென்றால் கோமி அவருக்கு எதிராக ஒரு படி நகர்கிறது. எதிராளி அப்படி வென்றால் திரும்பி வருகிறது. பரப்பு முறையில் ஒற்றைப்படை மொத்தப் புள்ளி கொண்ட பலகையில் இந்தப் படி இரண்டு புள்ளியாகவே இருக்க வேண்டும். ஒவ்வொரு புள்ளியாக நகர்த்தினால் 5.5 என்பது 6.5 ஆகும், மாற்றம் செய்ததாக இருவரும் நம்புவார்கள், கருப்பு எடுக்க வேண்டிய 44 மட்டும் 44ஆகவே இருக்கும். நில முறையில் ஒரு புள்ளிப் படி போதும்.

போட்டிக்கு விதி எழுதும்போது

போட்டி நடத்துபவர் கோமியை மட்டும் அறிவித்தால் போதாது. எண்ணும் முறை, சமநிலைக்கு என்ன தீர்வு, செகியில் எஞ்சும் புள்ளிகளை எப்படிக் கொள்வது என்பவற்றையும் அதே வாக்கியத்தில் சேர்த்து அறிவிக்க வேண்டும். சமநிலை வந்தால் ஆளுக்கு அரை வெற்றி என்பது சுழற்சி முறைப் போட்டிக்கு ஏற்றது. தோற்றவர் வெளியேறும் போட்டியில் நிறத்தை மாற்றி மற்றோர் ஆட்டம் ஆடலாம்; 9×9 ஆட்டம் விரைவில் முடிவதால் இது நடைமுறைக்கு எளிது. அதிலும் சமநிலை வந்தால் என்ன செய்வது என்பதை முன்பே எழுதி வைத்திருப்பது நடுவருக்கு நல்லது.

கோமியைப் புள்ளியாகச் சொல்வதைவிட, கருப்பு எடுக்க வேண்டிய இலக்கைச் சொல்வது தெளிவானது. பரப்பு முறையில் நடக்கும் போட்டிக்கு விதி இப்படி இருக்கலாம்: “கோமி 7. 9×9 பலகையில் கருப்பு 45 புள்ளி எடுத்தால் வெற்றி, 44 எடுத்தால் சமநிலை, 43 அல்லது அதற்குக் குறைவு என்றால் தோல்வி. செகியில் எவருக்கும் சேராத புள்ளிகள் இருந்தால் அவற்றை இருவருக்கும் சமமாகப் பகிர்ந்து எண்ணுக.” இந்த வடிவில் எழுதினால் கருப்பின் பரப்பை மட்டும் எண்ணினால் போதும், வெள்ளையை எண்ணவோ கோமியைக் கூட்டவோ தேவையில்லை, கூட்டலில் வரும் பிழைகளும் குறையும். 7×7 பலகைக்கு இதே வாக்கியத்தில் கோமி 9, இலக்கு 30, சமநிலை 29 என்று மாற்றிக்கொள்ளலாம். 13×13 பலகைக்குப் பெரிய பலகையின் வழக்கமே செல்லும். அங்கே கோமி 7 என்றால் கருப்புக்கு 88 சமநிலை, 89 வெற்றி.